விற்பனைக்கு: 3சி, வண்ணார்பேட்டை

ஆயிரத்து நாற்பது சதுர அடி. முப்பத்தெட்டு லட்சம்.
ஜங்ஷன் ஆறு நிமிஷம் என்று
புரோக்கர் சுடலைக்கண்ணு எல்லோரிடமும் சொல்வார்.
ராத்திரி ரெண்டு மணிக்கு, பச்சை விழுந்தால்
ஆறு நிமிஷம்தான்.

இன்றைக்கு ஒன்பதாவது பார்ட்டி.
மின்வாரியத்தில் வேலையாம். கையில் டேப்.
ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்க்கிறார்,
தர்பூசணி வாங்குகிறவரைப் போல.
அவர் மனைவி கோமு
சமையலறை ஜன்னலைத் திறந்து நிற்கிறாள்.

கீழே மெத்தைக் கடை, ஸ்கேன் சென்டர்,
இரும்பு வெட்டும் பட்டறை,
பட்டறைக்காரர் வளர்க்கும் சேவல்.
வெல்டிங் வெளிச்சத்தை விடியலென்று நினைத்து
அது மத்தியானமும் கூவும்.
விளம்பரத்தில் இதெல்லாம் கிடையாது.
ஆனி பிறந்தால் சாரல் காற்று
கொடியில் கிடப்பதைப் பைபாஸ் தாண்டிக் கொண்டுபோகும்.
என் தலையணை உறை ஒன்று
மூன்று நாள் மெத்தைக் கடை போர்டில் தொங்கியது.
மழை விட்ட காலையில்
செல்போன் டவருக்கும் ஆஸ்பத்திரித் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே
மலை கையகலம் தெரியும்.
அதற்குத் தனியாக விலை போடவில்லை.

"தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சு?"
இதைக் கேட்காமல் யாரும் போனதில்லை.
பார்க்கிங் தூணில் இருக்கிற கோட்டைக் காட்டினேன்.
சுடலைக்கண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது.
பெயின்ட் அடிச்சிருவோமே மேடம் என்று
எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.
என் கழுத்து உயரம். ஸ்கூட்டர் மிதந்து வந்து
லிஃப்ட் கதவை முட்டிக்கொண்டு நின்றது.

ஏன் விற்கிறீர்கள் என்பதற்கு
என்னிடம் மூன்று பதில் உண்டு.
புரோக்கருக்கு, மாற்றல், சிவகங்கை.
அண்ணனுக்கு, பேங்க் கடன்.
இவரிடம் முழங்கால் என்றேன்;
லிஃப்ட் பாதியில் நிற்பது இவர் இலாகா.
மூன்றும் பொய்யில்லை.

அந்த டிசம்பரில் நாலு நாள் கரண்ட் இல்லை.
மொட்டை மாடியில் ஒன்பது வீட்டுக்கும் ஒரே அடுப்பு.
என் அரிசி, 2பி-யின் பருப்பு,
யாரோ கல்யாணத்துக்கு எடுத்து வைத்த அண்டா.
சண்முகவடிவு அக்கா என் தட்டிலிருந்தே
ஊறுகாய் தொட்டுக்கொண்டாள்.
மூன்றாம் ராத்திரி, டார்ச் வெளிச்சத்தில், ஊர் கேட்டார்கள்.
சொன்னேன்.
ஊருக்குள்ளே எந்தத் தெரு என்றார்கள்.
சூடான கஞ்சி இறங்கிய மயக்கத்தில்
அதையும் சொன்னேன்.

கரண்ட் வந்தது. கதவுகள் சாத்தின.
தைப்பொங்கலுக்கு 3ஏ-க்குத் தூக்குவாளியில்
சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினேன்.
சாயங்காலம் வாளி திரும்பி வந்தது,
கனம் குறையாமல்.
சுகர் இருக்குல்லா என்றாள் அக்கா.
அவள் ரத்தத்தைப் போன வாரம் சோதித்தவள் நான்.
வெறும் வயிற்றில் தொண்ணூற்றிரண்டு.

டேப்பைச் சுருட்டிக்கொண்டே அவர் கேட்டார்.
"உங்களுக்குச் சொந்த ஊரு?"
"களக்காட்டுப் பக்கம்."
"அடடே. அங்கன எந்தத் தெரு?"

சேவல் கூவியது.

"3சி" என்றேன். "மூணாவது மாடி."
அவர் சிரித்தார், பாதிதான்.

கோமு அப்போதுதான் ஜன்னலை விட்டு வந்தாள்.
குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.
கொடுத்தேன்.
அண்ணாந்து ஊற்றவில்லை.
டம்ளர் விளிம்பில் வாய்வைத்து,
அவசரமில்லாமல், அவர் பார்க்கப் பார்க்க,
முழுசும் குடித்தாள்.
"ஆத்துத் தண்ணியா?"
"ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்."

ஐம்பதாயிரம் குறைக்கலாம் என்று தோன்றியது.
குறைக்கவில்லை.
போகிற வழியில் அவர் தூணில் டேப் வைத்து
கோட்டை அளந்தாராம், நாலடி ஏழங்குலம்.
யோசிச்சுச் சொல்லுதாங்களாம் மேடம் என்று
சுடலைக்கண்ணு போன் செய்தபோது
டம்ளர் இன்னும் மேடைமேல்தான் இருந்தது,
கழுவாமல்.